கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிறகும்: மருத்துவச்சிகளிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனையின் மகப்பேறு பரிசோதனைப் பிரிவில் போனை எடுத்தால் பாதி அழைப்புகள் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "இதுக்கெல்லாம் கூப்பிடலாமான்னு தெரியல சிஸ்டர்..." அதன் பிறகு வரும் கேள்விகளும் ஏறக்குறைய இருபதில் அடங்கிவிடும். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கீழே எழுதியிருக்கிறேன். அந்த முதல் தயக்கத்துக்கு மட்டும் இங்கேயே பதில்: கூப்பிடலாம்.

இந்தப் பிரிவுன்னா என்ன? வழக்கமான செக்கப்பும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. செக்கப் என்பது நாள் குறித்துப் போவது. இந்தப் பிரிவு, இரண்டு செக்கப்புக்கு நடுவில் திடீரென்று வரும் பிரச்சினைக்கு. பல மருத்துவமனைகளில் இரவும் பகலும் திறந்திருக்கும். முதலில் உங்களைப் பார்ப்பவர் மருத்துவச்சி. தேவைப்பட்டால் அவரே டாக்டரை வரவழைப்பார். கர்ப்பத்தின் பாதியைத் தாண்டியவர்களில் தொடங்கி, பிரசவமாகி சில வாரங்கள் ஆனவர்கள் வரை இங்கே வரலாம். எந்த வாரம் முதல் எந்த வாரம் வரை என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும் என்பதால் அடுத்த செக்கப்பில் கேட்டுவிடுங்கள். போன் எண்ணை உங்கள் போனில் மட்டுமல்ல, வீட்டில் இன்னொருவர் போனிலும் பதிந்து வையுங்கள்.

'மருத்துவச்சி' என்றதும் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்து பிரசவம் பார்த்த பாட்டி நினைவுக்கு வருவார். இங்கே அந்தச் சொல், முறையாகப் படித்துத் தேர்வெழுதி உரிமம் பெற்றவரைக் குறிக்கிறது. நர்ஸ், சிஸ்டர் என்று எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்போம்.

போன் பண்ணிட்டு வரணுமா, நேரா வந்துடலாமா?

முடிந்தால் போன் செய்துவிட்டு வாருங்கள். எத்தனையாவது வாரம், எத்தனையாவது குழந்தை, முன்பு சிசேரியன் ஆனதா, ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உண்டா, என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, குழந்தை அசைகிறதா, ரத்தமோ நீரோ போகிறதா என்று கேட்போம். உங்கள் கர்ப்பப் பரிசோதனை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் சுலபம்.

ஒரு வேண்டுகோள்: கணவரோ அம்மாவோ பேசுவதைவிட நீங்களே பேசுங்கள். நீங்கள் சொல்வதை மட்டும் நாங்கள் கேட்பதில்லை. மூச்சு வாங்குகிறதா, வலி வரும்போது பேச்சு நடுவில் நிற்கிறதா, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நிற்கிறது என்பதையும் கவனித்துக்கொண்டிருப்போம். அதைப் பக்கத்தில் இருப்பவர் சொல்ல முடியாது.

அதிக ரத்தப்போக்கு, வலிப்பு, மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் எங்களுக்குப் போன் செய்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும்.

நான் முதல்ல வந்து உக்காந்திருக்கேன், பின்னாடி வந்தவங்களை உள்ள கூப்பிட்டாங்க. இது என்ன நியாயம்?

வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை, அவசரத்தின்படி பார்க்கிறோம். வந்ததும் ஒரு மருத்துவச்சி சுருக்கமாகப் பார்த்து யாருக்கு எவ்வளவு அவசரம் என்று பிரித்துவிடுவார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் உருவாக்கி இப்போது பல மருத்துவமனைகள் பின்பற்றும் முறையில், வந்த 15 நிமிடத்துக்குள் அந்த முதல் பார்வை முடிந்திருக்க வேண்டும். காக்க வைத்தால் உங்கள் நிலை அந்த அளவுக்கு அவசரமில்லை என்று அர்த்தம். ஆனால் காத்திருக்கும்போது வலி கூடினாலோ ரத்தம் பட்டாலோ எழுந்து வந்து சொல்லுங்கள். "கூப்பிடும்போது சொல்லலாம்னு இருந்தேன்" என்ற வாக்கியத்தைக் கேட்டால் எங்களுக்குப் பகீரென்கிறது.

உள்ள போனா என்னென்ன பண்ணுவாங்க?

நாடி, ரத்த அழுத்தம், உடல் சூடு, சிறுநீர்ப் பரிசோதனை. அப்புறம் வயிற்றைக் கையால் தொட்டு, குழந்தை எப்படிப் படுத்திருக்கிறது, தலை எங்கே என்று பார்ப்போம். வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால் டேப்பால் அளப்போம்.

மூன்றாவது மும்மாதத்தில் பலருக்கு சிடிஜி எடுப்போம். இரண்டு வட்டமான வில்லைகளைப் பட்டையால் வயிற்றில் கட்டுவோம். ஒன்று குழந்தையின் இதயத்துடிப்பைப் பிடிக்கும், மற்றொன்று கருப்பை இறுகுவதை. இரண்டும் ஒரே தாளில் கோடுகளாக ஓடிவரும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிப்பது வழக்கமான அளவு. ஆனால் எண்ணைவிட முக்கியம், கோடு மேலும் கீழும் துள்ளுவது. நேர்கோடாகப் போனால்தான் எங்கள் புருவம் உயரும். 20 நிமிடத்தில் முடிய வேண்டியது சில சமயம் ஒரு மணி நேரம் ஆகும். பெரும்பாலும் காரணம், உள்ளே இருப்பவர் தூங்குவதுதான்.

உள் பரிசோதனை பண்ணியே ஆகணுமா? எனக்கு அதை நினைச்சாலே பயம்.

எல்லோருக்கும் செய்வதில்லை. நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்களுக்குச் செய்யவே கூடாது. செய்ய வேண்டியிருந்தாலும் ஏன், எதற்கு என்று சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகுதான். நடுவில் "நிறுத்துங்க" என்றால் கையை எடுத்துவிட வேண்டும். பெண்தான் பார்க்க வேண்டும், கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். முன்பு மோசமான அனுபவம் ஏதாவது இருந்தால் "எனக்கு இது கஷ்டம்" என்று ஒரு வரி போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தை இன்னிக்கு சரியா அசையல. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அசைஞ்சா நார்மல்?

எல்லோருக்கும் பொருந்தும் எண் எதுவும் இல்லை. பத்து அசைவு எண்ணும் முறையை நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது: வழக்கமாக நாற்பது முறை அசையும் குழந்தை பதினைந்து முறை மட்டும் அசைந்தால், எண்ணிக்கை தேறிவிடும், குழந்தை தேறியதா என்பது தெரியாது. நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் குழந்தையின் பழக்கத்தை. சாப்பிட்ட பின் உருளுமா, ராத்திரி படுத்ததும் உதைக்குமா, காலையில் அமைதியா? 28 வாரத்துக்கு மேல் இந்தப் பழக்கம் பிடிபட்டுவிடும். அது மாறினால், குறைந்தால், நின்றால் அன்றே கூப்பிடுங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள்.

"மாசம் நெருங்க நெருங்க இடம் குறையும், அசைவும் குறையும்" என்று அக்கறையுள்ளவர்கள்தான் சொல்வார்கள். ஆனால் அது தவறு. அசைவின் தன்மை மாறலாம். உதைப்பது போய் உருள்வதும் நெளிவதுமாக இருக்கும். குறையக் கூடாது. பிரசவ வலியின்போதும் குழந்தை அசையும். ஆரோக்கியமான குழந்தை தொடர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்குவது அரிது.

அதேபோல, குளிர்ந்த தண்ணீரோ இனிப்போ சாப்பிட்டுக் குழந்தையை எழுப்பிப் பார்ப்பதும் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் இடப்பக்கமாகப் படுத்து கவனித்துப் பாருங்கள். வேலை செய்துகொண்டிருந்ததால் உணராமல் போயிருக்கலாம். அப்போதும் சந்தேகம் தீரவில்லையா, போனை எடுங்கள்.

வீட்டுல இதயத்துடிப்பு கேக்கற மிஷின் வாங்கி வெச்சிருக்கேன். அதுல நல்லா கேக்குது. போதும்தானே?

போதாது. அந்தக் கருவி உங்கள் சொந்த நாடியையோ நஞ்சுக்கொடியில் ஓடும் ரத்தத்தையோ பிடித்துக் கொடுக்கலாம்; பழக்கமில்லாத காதுக்கு எல்லாம் ஒன்றுபோல்தான் கேட்கும். குழந்தையின் துடிப்பாகவே இருந்தாலும், துடிக்கிறது என்பது ஒன்று, நலமாக இருக்கிறது என்பது வேறு. மேலே சொன்ன அந்தத் துள்ளலை ஒரு நிமிடம் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அசைவு குறைந்து, இந்தக் கருவியின் சத்தத்தை நம்பி வீட்டிலேயே இருப்பதுதான் பயம். என்னைக் கேட்டால் அதை வாங்காமலே இருக்கலாம்.

நேத்துதான் வந்து பார்த்து எல்லாம் சரின்னு அனுப்பினாங்க. இன்னிக்கும் அசைவு கம்மியா இருக்கு. மறுபடியும் வந்தா திட்டுவீங்களா?

மாட்டோம். நேற்று எடுத்த சிடிஜி நேற்றைய நிலையைத்தான் சொல்லும். ஸ்கேனும் அப்படியே. இரண்டாவது முறை வருபவரை நாங்கள் முதல் முறையைவிடக் கவனமாகப் பார்ப்போம். ஸ்கேன், ரத்த ஓட்டம், வளர்ச்சி எல்லாம் பார்க்க டாக்டரிடம் பேசுவோம். போனிலேயே "இது ரெண்டாவது தடவை" என்று சொல்லிவிடுங்கள். வேறு மருத்துவச்சி எடுத்தால் அவருக்கு அது தெரியாது.

அப்படியும் யாராவது முகம் சுளித்தால், அது அவர் தவறு. நீங்கள் வந்ததில் தவறில்லை.

ஜட்டி நனைஞ்சிருக்கு. பனிக்குடம் உடைஞ்சுதா, சிறுநீரான்னே தெரியல.

சினிமாவில் வருவதுபோல் எல்லோருக்கும் குபீரென்று கொட்டாது. பலருக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் கசியும். சிறுநீர் கழித்துவிட்டு, சுத்தமான பேட் ஒன்றை வைத்து, அரை மணி நேரம் நடங்கள், உட்காருங்கள். பேட் மறுபடி நனைந்தால் பனிக்குட நீராக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பேடைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள். கூச்சப்பட வேண்டாம், அதன் நிறமும் மணமும் எங்களுக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். தெளிவாகவோ லேசான இளஞ்சிவப்பாகவோ இருந்தால் போன் செய்துவிட்டு வரலாம். பச்சை அல்லது பழுப்பு என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம். அப்போதும், ரத்தமாக இருந்தாலும், நாற்றமடித்தாலும் உடனே வர வேண்டும். 37 வாரத்துக்கு முன் என்றால் எந்த நிறமானாலும் உடனே.

மாதம் நிறைந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, நீர் உடைந்த 24 மணி நேரத்துக்குள் வலி தானாகவே வந்துவிடும். ஒரே ஒரு பெரிய அவசரம்: நீர் உடைந்ததும் கீழே கயிறுபோல ஏதாவது தட்டுப்பட்டால் அது தொப்புள்கொடி. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, முட்டிபோட்டு, நெஞ்சைத் தரையில் சாய்த்து, இடுப்பு மேலே இருக்கும்படி இருங்கள். அதை உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.

பொய் வலி எது, நிஜ வலி எது?

பொய் வலி வரும், போகும், ஒழுங்கு இருக்காது. நடந்தாலோ படுத்தாலோ வெந்நீரில் குளித்தாலோ அடங்கும். 1872ல் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்ததால் அவர் பெயராலும் சொல்வார்கள். அனுபவிக்காத மனிதரின் பெயர் வைத்திருக்கிறார்கள், போகட்டும். நிஜ வலி நேரம் ஆக ஆக நெருங்கும், நீளும், கூடும். முதல் குழந்தை என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடிக்கும்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கூப்பிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது என்றால் இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டாம், வேகமாக நடந்துவிடும். 37 வாரத்துக்கு முன் ஒழுங்காக வரும் எந்த வலிக்கும் உடனே அழையுங்கள்.

வலியில துடிக்கிறேன், ரெண்டு சென்டிமீட்டர்தான்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என்ன அர்த்தம்?

வலி பொய் என்று அர்த்தமில்லை. கருப்பையின் வாய் திறக்கும் முதல் கட்டம் மணிக்கணக்கில், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் போகும். உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தீவிரப் பிரசவம் 5 சென்டிமீட்டரிலிருந்துதான் கணக்கு. அதற்கு முன்பே வார்டில் படுத்துவிட்டால் தேவையில்லாத தலையீடுகள் கூடும் என்பதால்தான் வீட்டுக்கு அனுப்புகிறோம். வீட்டில் சாப்பிடலாம், நடக்கலாம், தூங்கப் பார்க்கலாம். ஆனால் வீடு வெகுதூரம் என்றாலோ, வீட்டில் யாரும் இல்லை என்றாலோ, பயமாக இருக்கிறது என்றாலோ அதைச் சொல்லுங்கள். சென்டிமீட்டர் மட்டும் முடிவு செய்வதில்லை.

லேசா ரத்தம் பட்டுது. சளி மாதிரி இருக்கு.

மாதம் நிறைந்தவருக்கு, சளியோடு கலந்து சிவப்புக் கோடுபோல் வந்தால், அது கருப்பை வாயை அடைத்திருந்த சளி வெளியேறுவது. வலி இன்றும் வரலாம், ஒரு வாரம் கழித்தும் வரலாம். சளி இல்லாமல் ரத்தமாகவே வந்தால், கொஞ்சமாக இருந்தாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே அழையுங்கள். ரத்தம் அதிகமாகப் போனாலோ, வயிறு பலகைபோல் இறுகிப் போய் வலி விடாமல் இருந்தாலோ ஆம்புலன்ஸ்.

உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் சொல்லுங்கள். ரத்தப்போக்கோ வயிற்றில் அடியோ பட்ட 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு எதிர்ப்பை உண்டாக்காமல் தடுப்பது) தேவைப்படலாம். கீழே விழுந்தவர்கள், கார் விபத்தில் சிக்கியவர்கள் "எனக்கு ஒண்ணும் ஆகல" என்று தோன்றினாலும் வந்து காட்டுவது நல்லது.

கால் வீங்கறது எல்லாருக்கும் இருக்கறதுதானே? தலைவலியும் தூக்கமில்லாததாலதான் இருக்கும்.

சாயங்காலம் கால் வீங்குவது சகஜம். முகமும் கையும் திடீரென்று வீங்கினால், மாத்திரைக்கு அடங்காத தலைவலி வந்தால், கண்முன் மின்னல் வெட்டுவதுபோல் இருந்தால், வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே வலித்தால், அது கர்ப்பகால ரத்த அழுத்தம் உறுப்புகளைத் தாக்குவதன் அறிகுறியாக இருக்கலாம். 140/90 தொட்டால் கவனிக்க வேண்டும். 160/110 என்றால் அவசரம். வீட்டில் அளப்பவர்கள் சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கை இதய மட்டத்தில் இருக்கும்படி அளக்கவும். மாடிப்படி ஏறிவந்த கையோடு அளந்துவிட்டு அலறுபவர்கள் உண்டு.

உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்குது. இதுக்கும் கர்ப்பத்துக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கலாம். வயிற்றுத் தோல் விரிவதால் வரும் அரிப்பு வேறு. தடிப்பு எதுவும் இல்லாமல், ராத்திரியில் அதிகமாகி, உள்ளங்கை உள்ளங்காலில் தொடங்கும் அரிப்பு கல்லீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கக்கூடும். ரத்தத்தில் பித்த அமிலம் பார்த்தால் தெரிந்துவிடும். களிம்பு தடவிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

எனக்கு இந்த ஊர் பாஷை சரியா வராது. எப்படி விளக்கறது?

பெயர், எத்தனையாவது வாரம், உங்கள் மொழி. இந்த மூன்றை மட்டும் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வசதி உள்ள மருத்துவமனைகளில் போனிலேயே ஒருவரை இணைப்பார்கள். வீட்டுப் பிள்ளைகளை நடுவில் பேச வைக்காதீர்கள். பத்து வயதுப் பையனிடம் ரத்தப்போக்கு பற்றிச் சொல்ல வைப்பது அவனுக்கும் கஷ்டம், உங்களுக்கும் பாதியைச் சொல்ல வாய் வராது. கணவர் எதிரில் பேச முடியாத விஷயம் இருந்தாலும் "தனியாப் பேசணும்" என்று கேளுங்கள், காரணம் கேட்க மாட்டோம்.

பிரசவம் ஆயிடுச்சு. இனிமே உங்களைக் கூப்பிடலாமா, இல்ல குழந்தை டாக்டரையா?

உங்கள் உடம்புக்கு எங்களைக் கூப்பிடலாம். முதல் சில நாட்களில் குழந்தைக்குப் பாலூட்டல், தொப்புள், எடை போன்றவையும் மருத்துவச்சி பார்ப்பதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல், பிரசவமாகி முதல் 24 மணி நேரம் கவனிப்பில் இருந்த பிறகு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள், 7 முதல் 14 நாளுக்குள், அப்புறம் ஆறாவது வாரத்தில் என்று குறைந்தது மூன்று முறை தாயையும் குழந்தையையும் பார்க்கச் சொல்கிறது. நடைமுறையில் எல்லோரும் குழந்தையையே பார்ப்பார்கள். "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று யாரும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

எத்தனை நாள் ரத்தம் போகும்? கட்டியா வருது.

நான்கு முதல் ஆறு வாரம் வரை போகலாம். சிவப்பு, பழுப்பு, வெளிர்மஞ்சள் என்று மாறிக்கொண்டே வரும். எழுந்ததும் சின்னக் கட்டி ஒன்று விழலாம், பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கலாம். கருப்பை சுருங்குகிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், பெரிய கட்டிகள் தொடர்ந்து வந்தால், குறைந்த ரத்தம் திடீரென்று மறுபடி கூடினால், நாற்றமடித்தால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உடனே வர வேண்டும். ரத்தம் கொட்டிக்கொண்டு தலை சுற்றினால் ஆம்புலன்ஸ்.

பிரசவத்தோட ரத்த அழுத்தப் பிரச்சினை போயிடும்னு சொன்னாங்களே?

உடனே போகாது. பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை அழுத்தம் ஏறுவது சகஜம், முன்பு ஒன்றுமே இல்லாதவர்களுக்கும் முதல் சில வாரங்களில் புதிதாக வரலாம். கால்வீக்கக் கேள்வியில் சொன்ன அதே அறிகுறிகள்தான், அதே அவசரம்தான். தலைவலி, உட்கார்ந்தால் கூடி படுத்தால் குறைந்தால், முதுகில் போட்ட ஊசி காரணமாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை இருக்கிறது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ சேர்ந்தால் ஆம்புலன்ஸ்.

குழந்தை மஞ்சளா இருக்கு. பாலும் போதுதான்னு தெரியல.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் எப்போதுமே அவசரம். இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கும் லேசான மஞ்சள் நிறையக் குழந்தைகளுக்கு வரும். ஆனால் குழந்தை பாலுக்கு எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் காட்ட வேண்டும். பால் போதுமா என்பதை மார்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நாப்கினைப் பார்க்க வேண்டும். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் நல்லது. முதல் வாரம் எடை கொஞ்சம் குறைவதும் இயல்பே, பிறந்த எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் பார்க்க வேண்டும்.

மார்பு ஒரு பக்கம் சிவந்து, சூடாகி, காய்ச்சலடித்தால் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பால் மேலும் கட்டிக்கொள்ளும்.

எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, நான் மட்டும் அழுதுட்டே இருக்கேன். இதுக்கும் ஆஸ்பத்திரிக்கு வரணுமா?

மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது மிகவும் சகஜம், சில நாட்களில் அடங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், குழந்தையோடு ஒட்டவே இல்லை என்று தோன்றினால், தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராவிட்டால் சொல்லுங்கள். கடந்த ஏழு நாட்களைப் பற்றிய பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் தருவோம். 1987ல் எடின்பரோவில் உருவாக்கியது. தேர்வு அல்ல, பேச்சைத் தொடங்க ஒரு வழி. மறைத்து எழுதுபவர்கள் நிறைய. குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம்தான் காரணம். மனம் சோர்ந்திருப்பதாகச் சொன்னதற்காகக் குழந்தையைப் பிரிப்பதில்லை, உங்களுக்கு உதவி ஏற்பாடு செய்வதுதான் வழக்கம்.

திடீரென்று தூக்கமே தேவைப்படாமல், சம்பந்தமில்லாமல் பேசி, இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னால், அல்லது தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்ற எண்ணம் வந்தால் அது அவசரச் சிகிச்சை. வீட்டில் இருப்பவர்கள் அவரைத் தனியே விடாமல் உடனே அழைத்து வாருங்கள்.

குழந்தை தங்கல. எனக்கும் இந்தப் பிரிவுதானா?

ஆமாம். மேலே சொன்ன ரத்தப்போக்கும் காய்ச்சலும் அழுத்தமும் உங்களுக்கும் பொருந்தும். இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் பால் சுரக்கும். அதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால் பலர் அந்த ராத்திரி உடைந்து போகிறார்கள். குறைக்க வழிகள் உண்டு, கேளுங்கள். போன் செய்யும்போது முதல் வரியிலேயே "குழந்தை இறந்துடுச்சு" என்று சொல்லிவிடுங்கள், அல்லது கூட இருப்பவரைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்களே பேசுங்கள் என்று முதலில் சொன்னேனே, அது இந்த அழைப்புக்குப் பொருந்தாது. வரும்போது பிரசவ வார்டு வழியாக இல்லாமல் வேறு அறையில் உட்கார வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.